பின்ஜன்னலில் வைத்த டப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இன்னும் யார் கையையும் பிடிக்காமல் நடமாடுகிறேன், அதையே சுகம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். குட்டிக்கு முன்பல் விழுந்ததைப் போட்டோவில் பார்த்தேன், அந்த ஓட்டை வாயோடு சிரிப்பது அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது. என் காலைப் பற்றிக் கவலைப்படாதே, இருபத்தாறு வருஷம் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்ற கால், நரம்பு சுருண்டுதான் கிடக்கும், நீ அனுப்பிய இறுக்கமான காலுறையைப் போட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, கழற்ற இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டியதைச் சரி செய்துவிட்டேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய் ராசா. நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் சரிம்மா சரிம்மா என்று ஒன்பது தடவை சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தைக் குறுக்கே வெட்டிப் பேச முடியாது. அதனால் உட்கார்ந்து படி, மருமகளும் கூட உட்கார்ந்து படிக்கட்டும், இனி இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பட்டன்காரியை உனக்கு நினைவிருக்கும், நீ போன தடவை வந்தபோது உன் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பட்டனைப் பார்த்துவிட்டு, போட்டிருக்கும்போதே ஊசியை எடுத்துத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாளே, அவள்தான். நான் வேலை பார்த்த தையல் கம்பெனியிலிருந்து சட்டை மூட்டையை வீட்டுக்குக் கொண்டு வந்து பட்டன் தைத்துக் கொடுப்பாள். அவள் புருஷன் கொத்தனார், நாலு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்தே கிடந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு மாதம் ஆகிறது. போனில் நான் உன்னிடம் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

சித்திரை மாதத்தில் நீ ஒரு மேடையில் பேசினாயே, அதை எல்லோரும் போனில் பார்த்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டு அழகாகத்தான் நின்றாய், காலர் மட்டும் இடது பக்கம் மடிந்திருந்தது. நீ சொன்னது எனக்கு மனப்பாடம். உதவித்தொகை, இலவசச் சாப்பாடு, இலவசப் படிப்பு இதெல்லாம் மனுஷனைச் சோம்பேறி ஆக்கும் என்றாய். என் அம்மா விதவை, ஆனால் யாரிடமும் கையேந்தியதில்லை, தினமும் வேலைக்கு நடுவில் ஓடி வந்து எனக்குச் சுடச்சுடச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள், கழுத்துச் சங்கிலியை விற்று என்னைக் காலேஜில் சேர்த்தாள், அரசாங்கத்தின் ஒரு நூல்கூட என் உடம்பில் பட்டதில்லை என்றாய். கை தட்டினார்கள். நானும் இங்கே கட்டிலில் உட்கார்ந்து கை தட்டினேன், வெட்கம் கெட்டவள். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்த உதவியை எல்லாம் நிறுத்த வேண்டும் என்கிற கட்சிக்காரர்கள் படிவத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வேண்டாம் என்பவர்கள் தாங்களாகவே விட்டுக்கொடுக்கிற படிவம். அன்றைக்கே நீயும் போன் போட்டாய், என்னம்மா இன்னுமா அந்த விதவைப் பணத்தை வாங்கிட்டிருக்கே, தெரிஞ்சா எனக்கு அசிங்கம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு என்றாய். போட்டேன். எனக்கென்ன, நீ அனுப்புகிறாய், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கதவுக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். மறு வாரம் பஸ் நிறுத்தத்திலும் மருந்துக் கடைச் சுவரிலும் கம்பெனி வாசலிலும் நான்தான், கையேந்தாத தாய் என்று கீழே எழுதி, நீங்கள் எப்போது என்று பக்கத்தில் ஒரு கேள்வி. உன் பேச்சில் இருந்த அதே வரிகள். சும்மா சொல்லக் கூடாது, காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று எடை போட்டார்.

கம்பெனி முதலாளி என் படம் போட்ட அந்தத் தாளை வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் குடிக்கிற இடத்தில் ஒட்டினார். ஓசியில் வாங்குகிறவர்களுக்கு வேலையில் அக்கறை இருக்காது, விட்டுக்கொடுத்தவர்களுக்குத்தான் இனி முதல் மூட்டை என்று மேஸ்திரியை விட்டுச் சொல்ல வைத்தார். பட்டன்காரி அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரலில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, அக்கா, நீங்க இதெல்லாம் வாங்காமத்தான் தம்பியைப் பெரிய ஆளாக்கினீங்களா, நெசமாவா என்று கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் என்ன மரியாதை தெரியுமா, என்னை ஒருவரும் ஆயுளில் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்து ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, நாம உழைக்கிறவங்கம்மா, நமக்குன்னு ஒரு மானம் இருக்கில்ல என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளே கையெழுத்துப் போட்டாள். கம்பெனியில் இன்னும் பதினோரு பேர் போட்டார்கள், ஆனால் மற்றவர்கள் வீட்டில் யாரும் படுத்த படுக்கையாக இல்லை.

அந்தப் படிவத்துக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. ஒன்றை விட்டுக்கொடுத்தால் குடும்பத்தின் உதவி அட்டையில் இருக்கிற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். முன்பக்கம் பெரிய எழுத்தில் தன்மானம், பின்பக்கம் பூச்சி எழுத்தில் வைத்தியம். ஊனமுற்றவருக்கு வந்த மாதத்தொகை நின்றது, அதோடு புண்ணுக்குக் கட்டுப் போட வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்த நர்ஸ் நின்றாள், மருந்து நின்றது, மகளின் பஸ் பாஸும் நின்றது. பட்டன்காரி என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அக்கா மாதிரி மானத்தோடு இருக்க வேண்டும் என்று இருந்தாளோ என்னவோ. மாத்திரையை முழுசாகக் கொடுக்காமல் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறாள். கட்டுத் துணியைத் துவைத்துத் துவைத்துக் கட்டியிருக்கிறாள். படுத்தே கிடக்கிற உடம்பில் முதுகில் வந்த புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. அந்த வாடை எங்கள் வீட்டுக்கு வந்தது தம்பி, எனக்கு வந்தது, நான் வடிகால் அடைத்துக்கொண்டது என்று நினைத்து நகராட்சிக்குப் போன் பண்ணினேன். இதைவிடக் கேவலம் ஒன்று இருக்க முடியுமா. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் மகள் ஓடி வந்து கதவைத் தட்டினாள், நான் போய்ப் பார்க்கும்போது முடிந்திருந்தது. அவருக்குப் போட ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுத்தார்கள், நான்தான் இஸ்திரி போட்டேன். எத்தனையோ லட்சம் சட்டை போட்ட கை, அந்த ஒரு சட்டையின் தோள் மடிப்பு எனக்கு நேராக வரவில்லை. மூன்று தடவை தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். அந்தச் சட்டையில் பட்டன் ஐந்தும் அவள் தைத்தது.

அவள் மகளைக் குருவி என்று கூப்பிடுவோம், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பாள், பத்தாம் வகுப்பு. கணக்கில் புலி. என் போனில் நீ அனுப்புகிற படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதே அவள்தான். போன மாதம் முதல் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பாஸ் இல்லை, ஒற்றைச் சம்பளம், வீட்டு வாடகை, என்ன செய்வார்கள். கம்பெனியில் பிசிறு வெட்டுகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் நுனியைக் குட்டிக் கத்தரியால் வெட்டிப் போடுகிற வேலை, காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும். நான் வேலை பார்த்த அதே கூடம், அதே ஆவி, அதே மஞ்சள் பூத்த ட்யூப் லைட். பழைய ஆட்களைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன், என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், மேஸ்திரி முறைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். வெட்டிப் போட்ட நூல் அவள் முடியெல்லாம் ஒட்டியிருந்தது. பெரியம்மா, என் பேரை ரிஜிஸ்டர்லேருந்து அடிச்சிட்டாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். வெளியே வந்தால் வாசலில் என் போட்டோ, என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த உண்மைக்கு வருகிறேன். உனக்குக் கசக்கும், ஆனாலும் படி.

நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த முதல் வாரம் அழுதுகொண்டு வந்தாய், கட்டணப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஓசிச் சாப்பாடு ஓசிச் சாப்பாடு என்று கத்தினார்களாம். இனி வரிசையில் உட்கார மாட்டேன் என்று மூன்று நாள் பட்டினி கிடந்தாய். அப்பா போய் ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, எனக்கு மத்தியானம் அரை மணி நேரம் இடைவேளை, கம்பெனியிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கவே முக்கால் மணி நேரம். நான் எங்கே ஓடி வந்து உனக்குச் சுடச்சுட வைப்பது, என்றைக்காவது யோசித்துப் பார்த்தாயா ராசா. பள்ளிச் சமையல் அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் உன் டிபன் டப்பாவைக் காலியாகச் சமையலறைப் பின்ஜன்னலில் வைத்துவிட்டுப் போவேன், அவர் எல்லோருக்கும் ஆக்கியதையே அதில் போட்டு மூடி மத்தியானம் அதே ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார், நான்தான் ஓடி வந்து வைத்ததாக உன்னை நம்ப வைத்தேன், நீ வந்து எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் ராஜா மாதிரி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாய். ஒரு நாள் கேட்டாய், ஏம்மா நம்ம வீட்டுச் சாப்பாடும் பள்ளிக்கூடத்துச் சாப்பாடும் தினமும் ஒண்ணாவே இருக்கு என்று. அந்த அக்கா என்கிட்ட கேட்டுட்டுத்தாண்டா சமைப்பாங்க என்றேன். நீ நம்பினாய், போய் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டும் வந்தாய். அந்தப் பிள்ளைகள் சிரித்திருக்கும், ஆனால் ஒரு பிள்ளைகூட உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஐந்து வருஷம். ஓசிச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அந்த நாகரிகம் இருந்தது.

அரசாங்கத்தின் ஒரு நூல்கூட உன் உடம்பில் பட்டதில்லை என்றாயே, பட்டது எல்லாமே அதுதான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சட்டையில் காலருக்கு உட்புறம் விற்பனைக்கு அல்ல என்று முத்திரை இருக்கும். காலரைப் பிரித்து, முத்திரை மடிப்புக்குள் மறைகிற மாதிரி திருப்பி வைத்துத் தைத்து, கம்பெனி இஸ்திரியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, கம்பெனித் துணி, உனக்காகத் தைத்தேன் என்று கொடுப்பேன். வருஷம் இரண்டு சட்டை. நீ இன்றைக்கும் கோட்டுப் போடும்போது காலரைத் தடவிப் பார்ப்பாய், உனக்கு ஏன் அந்தப் பழக்கம் என்று உனக்கே தெரியாது. திருப்பித் தைத்த காலர் கழுத்தை அறுக்கும் கண்ணே, அதனால்தான்.

சங்கிலியைப் பற்றிச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. எனக்குத் தங்கச் சங்கிலி எப்போதடா இருந்தது. அது கவரிங். வேர்வையில் கறுத்துக் கழுத்தெல்லாம் அரிப்பெடுத்து, நீ காலேஜ் சேர்ந்த அந்த வாரம்தான் கழற்றி வைத்தேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வருகிற பிள்ளை என்று சொல்லி உன் கட்டணம் முழுக்க அரசாங்கம் தள்ளுபடி செய்தது, அந்த மனுவை உன் பள்ளி ஹெட்மாஸ்டரே எழுதி, உனக்குக் காட்டாமல் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார், நான்தான் அவரைச் சொல்லாதீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டேன். நீ என் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு, வித்துட்டியாம்மா என்று கேட்டாய். நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். நீ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாய். அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வருகிறவளுக்கு, தன் பிள்ளை தன்னைச் சாமி மாதிரி பார்ப்பது எவ்வளவு ருசியாக இருக்கும் தெரியுமா, அந்த ருசியை விட மனசு வரவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உன்னை அந்த மேடையில் பொய் பேச வைத்தவள் நான். நீ உனக்குத் தெரிந்ததைத்தான் பேசினாய்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். மேல் வகுப்புக்குக் கட்டணம் வைக்கலாமா, சமையலறையை மூடிவிடலாமா என்று ஊர்க்காரர்களிடம் கேட்கிறார்களாம். நீ படித்த அதே பள்ளிக்கூடம், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் என் போட்டோவைத் தூக்கிப் பிடித்து, மக்களே வேண்டாம் என்கிறார்கள், நாம் ஏன் திணிக்க வேண்டும், இலவசம் கொடுத்துக் கொடுத்து ஒரு தலைமுறையே கை நீட்டப் பழகிவிட்டது என்றார். நான் எழுந்து நின்றேன். காலுறை போடாமல் போய்விட்டேன், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் போட்டோவில் இருக்கறது நான்தாங்க, அதுல எழுதியிருக்கறது பொய்ங்க என்றேன். டப்பா, காலர், சங்கிலி எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, எதையோ உளறுது என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து சமையல் அக்கா எழுந்தார், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், அடுத்த வருஷம் ஓய்வு. உளறல ஐயா, அந்த ஜன்னல் இன்னும் அப்படியேதான் இருக்கு, வாங்க காட்டறேன், இன்னைக்கும் அதுல ரெண்டு டப்பா வந்துட்டுத்தான் இருக்கு என்றார்.

எனக்குப் பேசத் தெரியாது தம்பி, உன்னைப் போல மேடை ஏறியவள் இல்லை, ஆனால் அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். யாரைச் சோம்பேறி என்கிறீர்கள் என்று கேட்டேன். பட்டன்காரி தூங்கி யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். முன்வரிசையில் எங்கள் முதலாளி உட்கார்ந்திருந்தார், அவர் கம்பெனிக்குக் கரண்டில் சலுகை, நிலத்தில் சலுகை, வரியில் சலுகை, அதற்கு மட்டும் ஊக்கத்தொகை என்று பேர் வைத்திருக்கிறீர்கள், அவர் ஒரு நாளும் சோம்பேறி ஆகவில்லையே, எங்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் மட்டும் நாங்கள் எப்படி ஆவோம் என்று கேட்டேன். கட்டணம் வைத்தால் எந்த வீட்டில் முதலில் யார் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பார்கள் என்று உங்களுக்கெல்லாம் தெரியும், பெண் பிள்ளைதான் நிற்கும், நின்று எங்கே போகும் என்றும் தெரியும், இதோ இவர் கம்பெனிக்குத்தான் போகும் என்றேன். என் மகன் கெட்டிக்காரன்தான், ராத்திரி பகல் படித்தவன்தான், ஆனால் அவனைப் போல அறிவுள்ளது இந்தத் தெருவில் எத்தனையோ, அவனுக்குக் கீழே ஒரு தரை இருந்தது, அதனால் நின்றான், அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளை நில் என்றால் எங்கே நிற்கும் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. அறிக்கை அனுப்புவோம் என்று சொல்லிக் கலைந்தார்கள். வாசலில் பட்டன்காரி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டாள். அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் பெண், சின்ன வயசு, நல்லவள், சட்டத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள். பொய் விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்து விட்டுக்கொடுத்ததாக நிரூபித்தால் ஆறு மாதத்துக்குள் அட்டையைத் திரும்பக் கொடுக்கலாமாம். அப்படி வந்தால் குருவிக்கு பாஸ் வரும், தகப்பன் இல்லாத பிள்ளைக்கு உள்ள படிப்புத் தொகையும் வரும், பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும் பெயரை அடிக்காமல் வைத்திருப்பதாக டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த விளம்பரத் தாளில் இருப்பது இரண்டு பேர், படம் என்னுடையது, வார்த்தை உன்னுடையது. இரண்டு பேரும் அது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன். உனக்கு ஒரு தாள் அங்கே தபாலில் வரும். உங்கள் தாயார் கூறியிருப்பது உண்மையா, உண்மை அல்லவா என்று இரண்டு கட்டம் இருக்கும், ஒன்றில் கோடு போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நீ உண்மை அல்ல என்று போட்டாலோ, பதிலே போடாமல் விட்டாலோ, நான் புத்தி பேதலித்த கிழவி, பட்டன்காரி வீட்டு மனு தள்ளுபடி. இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது, இந்தக் கடிதம் வந்து சேர எட்டு நாள் ஆகும்.

உன் குணம் எனக்குத் தெரியும், உடனே போனை எடுத்து, இதெல்லாம் எதுக்கும்மா, அந்தப் பொண்ணு படிப்புக்கு நானே பணம் அனுப்பறேன் என்பாய். வேண்டாம். நீ அனுப்பினால் அவள் உன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும், உனக்கு ஒரு வருஷம் வேலை போனால் அவளுக்குப் படிப்புப் போகும். உனக்கு அப்படியா கிடைத்தது. நீ சாப்பிட்ட ஐந்து வருஷச் சாப்பாட்டுக்கு யாருக்காவது கும்பிடு போட்டாயா, யார் முன்னாலாவது தலை குனிந்தாயா. கேட்டு வாங்காமல், யாருக்கும் கடமைப்படாமல், உனக்கு உரியது என்று வந்தது, அதனால்தான் அதை மறக்கவே உன்னால் முடிந்தது. அவளுக்கும் அப்படித்தான் கிடைக்க வேண்டும், நாளைக்கு அவளும் மறந்துவிட்டுப் போகட்டும், எனக்குக் கவலை இல்லை. உன் மேடைப் பேச்சு போகும், ஆபீசில் நாலு பேர் சிரிப்பார்கள், மருமகள் வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். இந்தச் சங்கடத்தை நான் உனக்கு அப்போதே கொடுத்திருந்தால் ஆறு வயசில் ஒரு வாரம் அழுதிருப்பாய், அதோடு போயிருக்கும்.

கால் வலிக்கிறது, நிறுத்துகிறேன். குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. குட்டியை அடிக்காதே, பால் குடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, பசித்தால் தானாகக் கேட்கும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நூறு வருஷம் இருக்க வேண்டும். நீ எந்தக் கட்டத்தில் கோடு போட்டாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உண்மை அல்ல என்று போட்டால், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டுதான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. உறையின் அடியில் ஒரு பொட்டலம் இருக்கும், தையல் பெட்டிக்கு அடியில் இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்த சங்கிலி. அம்மா சொல்வதில் சந்தேகம் இருந்தால் வீட்டு வாசல் கல்லில் ஒரு தடவை உரசிப் பார், உள்ளே செம்பு தெரியும். பார்த்த பிறகு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்.

உன் வரவையல்ல, உன் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும்
உன் அம்மா